பத்து மணித் தூக்கம்

தூங்குகிற பிள்ளைகளின் வாயை முகர்ந்து பார்த்தவன் நான். ஒன்றிரண்டு பிள்ளைகளை அல்ல, பாயில் படுத்திருந்த அத்தனை பேரையும், மண்டியிட்டுத் தவழ்ந்து, வரிசையாக. அரசுச் சம்பளம் வாங்கிக்கொண்டு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, பட்டப்பகலில் செய்தேன். அந்த அட்டை ஒவ்வொரு பிள்ளையின் மூக்கிலும் போய் இடித்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிவதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது.

என் வேலை அப்படி. தேனியில் இருக்கிற ஓர் அலுவலகத்திலிருந்து கிளம்பிப் போய், சின்னப் பிள்ளைகளைப் பகலில் வைத்துப் பார்த்துக்கொள்கிற காப்பகங்களைச் சோதித்து, உரிமம் கொடுக்கலாம் அல்லது கூடாது என்று எழுத வேண்டும். சன்னலுக்குக் கம்பி உண்டா, கழிப்பறைக் கதவு உள்பக்கம் தாழ் விழுமா, அடுப்பு எங்கே இருக்கிறது, தீயணைப்பான் தொங்குகிறதா, தொங்கினால் அதற்குள் ஏதாவது இருக்கிறதா. இந்த வேலைக்கு வந்த பிறகு எனக்கு விருந்தாளியாக நடந்துகொள்ளத் தெரியாமல் போய்விட்டது. போன வீட்டில் காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டே ப்ளக் பாயின்ட் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்க்கிறேன். மைத்துனர் வீட்டில் இப்போதெல்லாம் என்னை வாசலிலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்துவிடுகிறார்கள்.

இது போதாதென்று எனக்குப் படிக்கிற வியாதியும் உண்டு. குழந்தை வளர்ப்பு, குழந்தை மனம், குழந்தை உறக்கம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எங்களுடைய இரண்டையும் வளர்த்தது என் மனைவி. நான் அந்தச் சமயத்தில் அதைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அப்படிப் படித்ததில் ஒரு செய்தி, சில இடங்களில் பிள்ளைகள் அழாமல் கிடப்பதற்காக இருமல் மருந்தைக் கொடுத்துத் தூங்கவைத்துவிடுகிறார்கள் என்பது. அது என் மண்டைக்குள் ஒரு மூலையில் உட்கார்ந்து, தனக்கு ஒரு நாள் வரும் என்று காத்துக்கொண்டிருந்தது.

வந்தது. கம்பத்துக்குத் தெற்கே, மலையடிவாரத்தை ஒட்டிய ஊர். அங்கே ஒரு பெண் உரிமம் இல்லாமல் காப்பகம் நடத்துகிறார் என்று முன்பே ஒரு நோட்டீஸ் போயிருந்தது. இப்போது அவர் முறைப்படி மனுப் போட்டிருந்தார். உரிமம் கிடைத்தால் நடத்தலாம், இல்லையென்றால் மூட வேண்டும் என்ற நிலைமை. போய்ப் பார்த்து எழுதும் பொறுப்பு என்னுடையது.

இடம், முன்பு திராட்சைக் குலைகளைப் பெட்டியில் அடுக்கி லாரி ஏற்றிய ஒரு செட். மேலே தகரம், கீழே சிமெண்டுத் தரை. சுவரில் யாரோ யானையும் முயலும் வரைந்திருந்தார்கள். இரண்டும் ஒரே உயரம். யாரையும் சிறுமைப்படுத்தக் கூடாது என்று நினைத்திருக்கலாம்.

நான் உள்ளே நுழைந்தபோது மணி பத்து. பாட்டும் கூச்சலும் மூக்குச்சளியுமாக இருக்க வேண்டிய நேரம். ஒரு சத்தமில்லை. மின்விசிறி மட்டும் கறக் கறக்கென்று சுற்றிக்கொண்டிருந்தது. பாயில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், காற்றில் சாய்ந்த வாழை மாதிரி ஆளுக்கொரு திசையில் கிடந்தார்கள். ஒருத்தன் கையில் பாதி பிஸ்கட் அப்படியே இருந்தது. அதை முழுதாகத் தின்பதற்குள் சாய்ந்திருக்கிறான்.

எனக்கு வந்தது பயம்தான், ஆனால் அதற்குள் ஒரு சந்தோஷமும் ஒளிந்திருந்தது. வருஷக்கணக்கில் தாழ்ப்பாளையே பார்த்துக் காலம் தள்ளியவனுக்குக் கடைசியில் ஒரு குற்றம் அகப்பட்டுவிட்டதே. செருப்பைக் கழற்றிவிட்டு மண்டியிட்டேன். முதல் வாயில் தேங்காய்ச் சட்னி. இரண்டாவதில் பால். அடுத்தடுத்து இட்லி, இட்லி, ஏதோ மண். கடைசியில் படுத்திருந்த பெண்பிள்ளையின் வாயிலிருந்து இனிப்பாக ஒரு வாடை வந்தது. சிக்கியது என்று இன்னும் குனிந்தேன். அவள் கண்ணைத் திறந்தாள். கண்ணுக்கு நேரே என் மீசை.

அந்த அலறலை நான் இன்னும் மறக்கவில்லை. மற்றவர்களும் எழுந்தார்கள். எழுந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் அழுதார்கள். பின்கட்டிலிருந்து அந்தப் பெண் கரண்டியோடு ஓடி வந்தார். நாற்பதைத் தாண்டியவர், ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து வைத்தும் நல்ல வேகம்.

"யாருய்யா அது? பிள்ளைக மேல கவுந்துக்கிட்டு என்ன பண்றீக?"

"இன்ஸ்பெக்சனுக்கு வந்திருக்கேம்மா."

"இன்ஸ்பெக்சன்னா செவத்தப் பாருங்க, கூரையப் பாருங்க. பிள்ளை வாயில என்ன பாக்க வேண்டியிருக்கு?"

"வாடை பாத்தேன்."

"என்ன வாடை வந்துச்சு?"

"வாழைப்பழம்."

"அப்பச் சரியாத்தேன் பாத்திருக்கீக. பழந்தேன் குடுத்தேன்."

அட்டையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, மிச்சமிருந்த அதிகாரத்தை ஒன்று சேர்த்துக் கேட்டேன்: "பத்து மணிக்கு ஏம்மா எல்லாப் பிள்ளையும் தூங்குது?"

"நாலரைக்குத் தூக்கிட்டு வந்து விட்டா, பத்து மணிக்குத் தூங்காம கரகாட்டமா ஆடும்?"

சொல்லி முடித்ததும் அவர் முகம் மாறியது. மனுவில் காப்பகம் திறக்கும் நேரம் காலை ஒன்பதரை என்று எழுதியிருந்தார்.

எங்கள் பள்ளத்தாக்கில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த ஊர்களிலிருந்து பெண்கள் மலைக்கு மேலே, கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறார்கள். விடியுமுன் ஜீப் வரும். ஏறி, மலைப்பாதையில் போய், வேலை பார்த்து, பொழுது சாயத் திரும்புவார்கள். அந்த ஜீப்புகளுக்குப் பின்னால் நான் எத்தனையோ முறை மாட்டிக்கொண்டு ஹாரன் அடித்திருக்கிறேன். ஒரு ஜீப்பில் இத்தனை பேரை ஏற்றலாமா என்று மனசுக்குள் கண்டித்திருக்கிறேன். பிள்ளைகளைப் பற்றி எழுதுவதுதான் என் பிழைப்பு, ஆனால் இவர்களுடைய பிள்ளைகள் அந்நேரம் எங்கே என்ற கேள்வி ஒரு தடவை கூட எனக்கு எழவில்லை.

"சார், அதை எழுதிராதீக," என்றார் அந்தப் பெண். கரண்டி கீழே இறங்கியிருந்தது. "ஒம்பதரைன்னே இருக்கட்டும். நாலரைன்னு எழுதுனா, இதென்ன நேரங்கெட்ட நேரம்னு மூடிருவாக. மூடுனா இதுக ஆத்தாமாரு என்ன செய்வாக? பெரிய பிள்ளைய பள்ளிக்கூடத்த விட்டு நிப்பாட்டி, சின்னதப் பாக்க வெப்பாக. எனக்கும் வேற போக்கு இல்ல. காய் எடுத்து எடுத்து முட்டி போச்சு. மலை ஏற முடியாது."

நான் பின்பக்கம் போனேன். அங்கே ஒரு சிமெண்டுத் தொட்டி. திராட்சைக்கு மருந்து கலக்கிய காலத்தில் கட்டியது. இப்போது பாத்திரம் கழுவ, துணி அலச, அதில் விளிம்பு வரைக்கும் தண்ணீர். மேலே ஒரு தகரம், தகரத்தின் மேல் ஒரு கல்.

"இதை இப்படி வச்சிருந்தா நான் எழுத முடியாதும்மா."

"அதேன் தகரம் போட்டிருக்கேன்ல. பிள்ளைக அங்கன போகாதுக."

"போகாதுன்னு எப்படித் தெரியும்?"

"சொல்லியிருக்கேன்ல."

"நானும் என் மகனுக்கு நெறையச் சொல்லியிருக்கேன்," என்றேன். கல்லைத் தள்ளித் தகரத்தை ஒரு கையால் தூக்கினேன். ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க மனைவியைக் கூப்பிடுகிற ஆள் நான். என் கையோடு அது சுளுவாக வந்தது. அந்தப் பெண் தகரத்தைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். இந்த விஷயத்தில் நான் வாயை முகர்ந்த கிறுக்கன் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தேனிக்குத் திரும்பி எங்கள் அதிகாரியிடம் சொன்னேன். அதிகம் பேசாத அம்மா. பேசினால் அன்றைக்கு யாருக்கோ வேலை கூடுகிறது என்று அர்த்தம்.

"ஒன்பதரைன்னு அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்க. நீங்களும் ஒன்பதரைன்னு எழுதுங்க. தொட்டியை மூடச் சொல்லுங்க. முடிஞ்சது."

முடிந்திருக்கும். எல்லாருக்கும் வசதியான யோசனை. நாற்காலிக்குத் திரும்பி, பேனாவை எடுத்து, மூடி, திறந்து, மூடினேன். ஒன்பதரை என்று நான் எழுதிவிட்டால், விடியுமுன் அந்தப் பிள்ளைகள் சர்க்காரைப் பொறுத்தவரை எங்கேயுமே இல்லை. ஒன்பதரைக்கு வானத்திலிருந்து செட்டுக்குள் விழுகிறார்கள். இடையில் ஒருத்தி தொட்டியிலோ ரோட்டிலோ விழுந்தால், அந்த நேரத்தில் அப்படி ஒரு காப்பகமே கிடையாது, அதனால் யாருக்கும் பொறுப்பும் கிடையாது. திறக்கிற நேரத்துக்குப் போய்ப் பார்க்காமல் எழுதுவதில்லை என்று முடிவு செய்தேன். இத்தனை வருஷத்தில் நான் செய்த முடிவுகளில் அலாரம் வைக்க வேண்டியிருந்தது இது ஒன்றுதான்.

மனைவி புரண்டு படுத்துக் கேட்டாள்: "எங்க கெளம்பிட்டீக?"

"இன்ஸ்பெக்சன்."

"சனிக்கெழமை குச்சனூரு சனீசுவரன் கோயிலுக்குப் போறவக கூட இம்புட்டு வெள்ளன எந்திரிக்க மாட்டாக. நமக்கு இருக்குற சனிக்கு அங்கன போனாலாச்சும் புண்ணியம் உண்டு."

சின்னமனூர், உத்தமபாளையம் என்று பைக்கில் போகப் போகக் குளிர் ஏறியது. காதைச் சுற்றி மப்ளர், தலையில் குரங்குக் குல்லா, அதன் மேல் ஹெல்மெட் ஏறாததால் குல்லாவைக் கழற்றி, காது உறைந்து, ஹெல்மெட்டைக் கழற்றியதும் மறுபடி குல்லா. இந்தக் கோலத்தில் செட்டு வாசலில் போய் நின்றேன். அடையாள அட்டை ஸ்வெட்டருக்குள் எங்கேயோ இருந்தது. தெருவில் விளக்கில்லை. அந்தப் பெண் தனியாளாக வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வந்துட்டீகளா? மோந்து பாக்கவா?" என்றார்.

பதில் சொல்வதற்குள் ஜீப் வந்தது. கூடவே ஆட்கள். தலையில் துண்டு, தோளில் சாப்பாட்டுப் பை, மறு தோளில் தூங்குகிற பிள்ளை என்று இருட்டுக்குள்ளிருந்து பெண்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒருத்தி நேராக என்னிடம் வந்தாள்.

"புது வாச்மேனா? பிடிங்கண்ணே."

பிடித்தேன். வேறு என்ன செய்ய முடியும்? பிள்ளை என் தோளில் சாய்ந்து, முழிக்காமலே, ஸ்வெட்டரில் எச்சில் விட்டான். அடுத்தவள், "இதையும் சித்த நேரம்," என்று மறு தோளில் ஒன்றைச் சாத்தினாள். குழந்தை உறக்கம் பற்றி நான் படித்த எதிலும், இரண்டு குழந்தைகள் உறங்கும்போது சுமப்பவனின் மூக்கு அரித்தால் என்ன செய்வது என்று சொல்லவில்லை. ஜீப்காரர் எல்லைக்கு அந்தப் பக்கம் பழகிய மலையாளத்தில், "கேறு, கேறு, வேகம்!" என்று எல்லாரையும் ஏறச் சொல்லி விரட்டிக்கொண்டிருந்தார். தெரு முட்டுச் சந்து. ஜீப் திரும்ப முடியாது, வந்த வழியே பின்னோக்கித்தான் போக வேண்டும்.

அப்போதுதான் என் இடது பக்கம் ஏதோ ஓடியது. வாழைப்பழ வாடைக்காரி. உள்ளே படுக்கவைத்தவள் முழித்துக்கொண்டு, அம்மாவைத் தேடி, ஜீப்பின் பின்சக்கரத்தைப் பார்த்து ஓடுகிறாள். ஜீப் பின்னால் வருகிறது. இரண்டு கையிலும் பிள்ளை. முழங்காலால் அவளை ஓரம் தள்ளிவிட்டு, காலால் ஜீப்பின் பின்கதவை உதைத்தேன். பள்ளிக்கூடத்தில் கால்பந்துக்கு என்னை எப்போதும் மூலைக் கொடிக்குப் பக்கத்தில் நிற்கவைப்பார்கள், பந்து அங்கே வராது என்ற நம்பிக்கையில். அந்தக் கால் அன்றைக்குச் சரியாகப் பட்டது. ஜீப் நின்றது.

"எவன்டா அவன், வண்டிய ஒதைக்கிறது?" என்று ஜீப்காரர் தலையை நீட்டினார்.

"கீழ எறங்கிப் பாருய்யா!"

இறங்கிப் பார்த்தார். பெண்பிள்ளை சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்து, என் மீசையை அடையாளம் கண்டு அலற ஆரம்பித்திருந்தாள். ஜீப்காரர் போய் எஞ்சினை அணைத்தார்.

ஜீப் போன பிறகு செட்டுக்குள் உட்கார்ந்தோம். பிள்ளைகள் மறுபடி தூங்கிப் போனார்கள். நான் சொன்னேன்: தொட்டி மேல் சிலாப் போட வேண்டும். வாசலுக்குக் கேட். வாசலில் விளக்கு. ஜீப் சந்துக்குள் வரவே கூடாது, தண்ணீர் டேங்க் முக்கில் நிற்க வேண்டும். விடியுமுன் ஒருத்தர் போதாது, இரண்டு பேர். இத்தனையும் ஆனால், திறக்கும் நேரம் நாலரை என்று எழுதி உரிமத்துக்குப் பரிந்துரைப்பேன்.

"மத்ததெல்லாம் சரி. நேரத்த மட்டும் எழுதாதீக."

"அதை எழுதலைன்னா மத்தது எதுவும் நிக்காதும்மா. ஒன்பதரைக்குத் தெறக்கிற எடத்துக்கு வாசல்ல எதுக்கு விளக்கு? ரெண்டாவது ஆள் எதுக்கு?"

அவர் பாயிலிருந்து உருண்ட ஒரு பிள்ளையை இழுத்துப் படுக்கவைத்தார். "நீங்க நல்லவராத்தேன் தெரியுறீக. நல்லவகதேன் சார் மூடிட்டுப் போவாக. கெட்டவக காப்பியக் குடிச்சிட்டுப் போயிருவாக."

"காப்பியும் வேணாம், மூடவும் மாட்டேன்."

"மூடுனாலும் நான் தெறப்பேன். பாத்துக்கங்க."

"தெறங்க. மறுபடி வந்து சண்டை போடுறேன்."

இப்படி ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. அவர் செய்ய ஆரம்பித்தால் வேகம். அழிந்த திராட்சைப் பந்தலின் கம்பியையும் குழாயையும் வாங்கிக் கேட் அடித்தார்கள். அதில் பிள்ளையின் தலை நுழையுமா என்று பார்க்க நான் தேங்காய் ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன், அதற்கும் ஊர் சிரித்தது. நுழைந்தது. இன்னும் நாலு கம்பி போட்டார்கள். அவருடைய நாத்தனார் ஒருவர் இரண்டாவது ஆளாக வந்தார். சிலாப்பை மட்டும் அன்றைக்கு இறங்கிப் பார்த்த அந்த ஜீப்காரரே கொண்டுவந்து இறக்கினார். ஆனால் அவரோடு ஓடும் மற்ற ஜீப்காரர்கள் டேங்க் முக்கில் நிற்க முடியாது என்றார்கள். ஆட்கள் நடந்து வந்து ஏறுவதற்குள் நேரமாகி, தோட்டத்தில் சத்தம் போடுவார்கள் என்றார்கள். ஒரு நாள் பெண்கள் அத்தனை பேரும் முக்கிலேயே உட்கார்ந்துகொண்டார்களாம். "இங்கன வந்தா ஏறுறோம். இல்லேன்னா காய நீங்களே போய் எடுங்க." ஜீப்புகள் முக்குக்கு வந்தன.

எங்கள் அதிகாரி அறிக்கையைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நாலரை மணி. விதியில எங்க இருக்கு?"

"ஒன்பதரையும் எங்கேயும் இல்ல மேடம். தேடிப் பாத்துட்டேன். படிவத்துல நேரம்னு ஒரு கோடு இருக்கு. அதுல நடக்குற நேரத்தை எழுதணும், அவ்வளவுதான்."

படிக்கிற வியாதி வாழ்நாளில் ஒரு முறை பயன்பட்டது. விதிகளைக் கடைசிப் பக்கம் வரை படித்தவன் அந்தக் கட்டடத்தில் நான் ஒருத்தன்தான், அது அவருக்கும் தெரியும்.

"நாளைக்கு மேல இருந்து கேட்டா?"

"நேர்ல போய்ப் பாத்தவன் நான். என்னையக் கேக்கச் சொல்லுங்க."

மறுபடி கண்ணாடியைப் போட்டார். "சரி. நாலரைன்னு எழுதினா திடீர் சோதனையும் நாலரைக்குத்தான். வேற யாரும் போக மாட்டாங்க. நீங்கதான் போகணும். ரிட்டயர் ஆகிற வரைக்கும்."

"போறேன் மேடம்."

கையெழுத்துப் போட்டார். சொன்னேனே, அவர் பேசினால் யாருக்கோ வேலை கூடும்.

உரிமத்தைச் சட்டம் போட்டு, யானைக்கும் முயலுக்கும் நடுவில் மாட்டியிருக்கிறார்கள். திறக்கும் நேரம் என்ற இடத்தில் என் கையெழுத்தில் எழுதிய நாலரை, கண்ணாடிக்குப் பின்னால் கொஞ்சம் கோணலாக இருக்கிறது. முதல் திடீர் சோதனைக்குப் போனபோது அதன் எதிரில் நின்று, நாமும் ஒன்றைச் செய்தோம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். யாராவது கவனித்து ஒரு வார்த்தை சொல்வார்கள் என்ற எதிர்பார்ப்பும் இருந்தது. பிறகு அலாரம், குல்லா, குளிர் எல்லாம் பழகிப் போய்விட்டன. முடிந்தபோதெல்லாம் போகிறேன். விளக்கு எரிகிறதா, கேட் சாத்தியிருக்கிறதா, சிலாப் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பிள்ளை தோளுக்கு வந்துவிடுகிறது.

போன தடவை, முதல் நாள் என்னிடம் பிள்ளையைக் கொடுத்த அதே பெண் வந்தாள். பையன் இப்போது கனம் கூடியிருந்தான். என் தோளில் சாத்திவிட்டு, முக்கை நோக்கி ஓடினவள், கேட் அருகே நின்று உள்ளே குரல் கொடுத்தாள்:

"அக்கா, இந்த வாச்மேன் அண்ணே என்னைக்காச்சும் ஒரு நாத்தேன் தலையக் காட்டுறாக. ஒழுங்கா தெனம் வர்ற ஆளாப் பாத்து வைங்க."